எட்டாம் படுக்கையின் பொட்டாசியம்

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் என்னை வாயாடி என்று சொல்லாத டாக்டர் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு நடுத்தர மருத்துவமனை அது. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் உயிர்வேதியியலாளராக இருந்தேன். அத்தனை வருடமும் லேப் ஜன்னலுக்கு உட்பக்கம் நின்று எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். ரத்தம் குறைவாக அனுப்பும் நர்ஸ்களிடம், பெயர் எழுதாத குழாயைக் கொண்டுவரும் ஆயாக்களிடம், ரத்தம் வந்து சேரும் முன்பே முடிவு கேட்கும் டாக்டர்களிடம். அப்படிப்பட்ட நான், ஒருநாள் பேசியே ஆகவேண்டிய நேரத்தில், ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது எனக்கு அந்த மூன்று மணி நேரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

கருவிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. ரத்த நீரைத் தீயில் தெளித்து, சுடரின் நிறத்தைக் கொண்டு உப்பை அளக்கும் ஒரு கருவியோடு நான் மல்லுக்கட்டிய கதை உங்களுக்கு எதற்கும் உதவாது. உங்கள் இயந்திரம் என்னைவிடச் சுத்தமாகக் கணக்குப் போடும். ஆனால் அது தரும் எண்ணை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதை இன்னும் மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

முதலில் ஒரு சின்னச் சறுக்கல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் களக்காட்டில் கிளினிக் வைத்திருந்தார். அங்கே லேப் இல்லை. நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் அடைத்து, காலை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். இங்கே பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஆள் காத்திருந்து வாங்கிவருவார். சும்மா அனுப்பினால் வழியிலேயே கெட்டுப்போகும், ஐஸில் வைத்து அனுப்புங்கள் என்று சொன்னது நான்தான். டவுணில், முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத சைவ வீட்டில் பிறந்தவள் நான். மீன் ஏற்றும் ஐஸ் களக்காட்டில் எங்கே கிடைக்கும் என்று அந்த டாக்டருக்கு விசாரித்துச் சொன்னதும் நானேதான். என் சமர்த்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒருநாள் வாழைத் தோட்டக்காரர் ஒருவரின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் ஏழைத் தாண்டிவிட்டது. ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஏழு என்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் இந்த அளவு பொய்யாக ஏறும், அது எனக்குத் தெரியும். ஆனால் அணுக்கள் உடைந்தால் மேலே தெளியும் நீர் சிவந்துவிடும். இது நல்ல இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது. உடனே போனை எடுத்து களக்காட்டு டாக்டரிடம் படபடவென்று சொல்லிவிட்டேன். அவரும் பதறிப்போய், பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினார். தோட்டக்காரருக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, கிளினிக் பெஞ்சிலேயே வலிப்பு வந்துவிட்டது. நல்லவேளையாக மீண்டும் குளுக்கோஸ் கொடுத்ததில் பிழைத்தார். வண்டி பிடித்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் நாலு சொச்சம்தான். அந்த மனிதருக்குப் பொட்டாசியத்தில் எந்தக் கோளாறும் இருந்ததே இல்லை.

அவருடைய மகன் ஜன்னலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"எங்கப்பா சும்மா தலைசுத்துன்னுதான் டாக்டரப் பாக்கப் போனாவ. இல்லாத சீக்குக்கு ஊசி போட வச்சிட்டியளே. இது என்ன நியாயம்?"

ரத்தம் ஐஸில் வந்ததற்கும் பொட்டாசியம் ஏறியதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குத் தெரியாது.

அது தெரியவந்தது ஒரு சனிக்கிழமை. எங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரைப் பெரிய டாக்டர் என்போம். புதிய ஆராய்ச்சிகள் மேல் தீராத ஆசை கொண்டவர். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகள் இரண்டை வரவழைத்தார். கப்பலில் வந்து சேர மாதங்களாகும். உலகம் கண்டுபிடித்து முடித்த செய்தி எங்களுக்கு மட்டும் சுடச்சுட வரும். சனிக்கிழமை மத்தியானம் நோயாளிகள் குறைந்ததும் காப்பியும் மிக்சரும் வைத்துக்கொண்டு உட்காருவோம். படிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். ஒவ்வொரு கட்டுரையிலும் ரசாயனப் பகுதி என்னுடையது, நோயாளியைப் பற்றிய பகுதி அவருடையது. அவரவர் பாதியைப் படித்துவிட்டு, மற்றவருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவோம். "எனக்கு உன் ரசாயனமும் வேண்டாம், உனக்கு என் நாடியும் வேண்டாம்" என்று சிரிப்பார். நேரம் மிச்சம் என்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சனிக்கிழமை என் பாதியில் இருந்தது இதுதான். உடம்பின் ஒவ்வொரு அணுவின் சுவரிலும் ஓயாமல் ஓடும் ஒரு பம்ப் இருக்கிறது. பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைப்பது அதன் வேலை. ரத்தத்தைக் குளிர வைத்தால் அந்தப் பம்ப் நின்றுவிடும். அணு உடையாமலேயே பொட்டாசியம் மணிக்கணக்கில் பையப் பைய வெளியே கசியும். நீர் சிவக்காது. பார்க்க நல்ல ரத்தமாக இருக்கும், அளவு மட்டும் பொய்யாக இருக்கும். களக்காட்டு பஸ்ஸில் நடந்தது அப்படியே அங்கே எழுதியிருந்தது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. கட்டுரையின் பின்பாதிக்கு 'இதே பம்பை நிறுத்தும் மருந்துகளும் செடி விஷங்களும்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. அது பெரிய டாக்டரின் பாதி. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கருவிக்கு மேலே ஒட்டினேன். பொட்டாசியம் ஆறரைக்கு மேல் வந்து, நீர் சிவக்காமல் இருந்தால், முடிவை வெளியே சொல்லக் கூடாது. வேறு ரத்தம் கேட்டு வாங்கி, இரண்டாவது முறை பார்த்த பிறகே சொல்ல வேண்டும். நான்கு வருடம் அந்த அட்டை அங்கே இருந்தது. அதனால் இரண்டு மூன்று பொய் அபாயங்கள் தப்பின என்பதும் உண்மை. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. இருபத்துமூன்று வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம், பீடி சுற்றும் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருடம், கணவன் பம்பாயில் கடையில் வேலை. காலை பத்து மணிக்கு, விடாத வாந்தி என்று கொழுந்தனும் செல்வியின் அம்மாவும் அவளைக் கொண்டுவந்தார்கள். எட்டாம் படுக்கையில் போட்டார்கள். பேசியதெல்லாம் கொழுந்தன்தான். "நேத்து திருச்செந்தூர் போயிட்டு வந்தோம் டாக்டர். அங்கன ஓட்டல்ல சாப்பிட்டது ஒத்துக்கல போல." அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை என்று நர்ஸ் பின்னால் சொன்னாள். சம்பந்தி வீட்டு ஆண்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். அதனால் யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

டியூட்டி டாக்டர் தூத்துக்குடிக்காரர், படிப்பு முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கெட்ட சாப்பாடு என்று நினைத்து, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி, வாந்திக்கு ஊசி போட்டு, ரத்தமும் எடுத்து அனுப்பினார். ரத்தம் லேபுக்கு வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஆயா குழாயை ப்ரிஜ்ஜுக்குள் வைத்தாள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். பதினொன்றேகாலுக்கு அளவு பார்த்தேன். ஆறு புள்ளி ஒன்பது. நீர் இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது.

தலையை நிமிர்த்தினால் என் அட்டை. குழாய் ப்ரிஜ்ஜிலிருந்து வந்தது எனக்குத் தெரியும். குளிர், பம்ப், கசிவு என்று மனது ஒரே ஓட்டமாக ஓடி முடித்துவிட்டது. எவ்வளவு நேரம் ப்ரிஜ்ஜில் இருந்தது என்று கேட்கவில்லை. எட்டாம் படுக்கைக்கு என்ன செய்கிறது என்றும் கேட்கவில்லை. வேறு ரத்தம் அனுப்பவும் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வார்டுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அறுபது குழாய்களுக்கு மேல் வந்திருந்தன. அடுத்த குழாயை எடுத்தேன்.

சீட்டு வார்டில் நர்ஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கும் அன்று கை ஒழியவில்லை. டியூட்டி டாக்டர் வெளிநோயாளிகள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். ஊசியில் வாந்தி கொஞ்சம் அடங்கியதால் எட்டாம் படுக்கை அமைதியாக இருப்பதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள். மணி இரண்டாகிவிட்டது.

இடையில் செல்வியின் அம்மா ஜன்னலுக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, சுங்கடிச் சேலை. "டாக்டரம்மா, எட்டாம் நம்பர் செல்விக்கு ரத்தத்துல என்ன வந்திருக்கு?" நான் டாக்டர் இல்லை என்று திருத்தக்கூட எனக்கு நேரமில்லை. "இருங்கம்மா, வரும்" என்றேன். ஒரு மணி வாக்கில் மறுபடி வந்தார். "இன்னும் வரலையா?" அதே பதில் சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லியிருப்பேன். அவர் எதிரில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொழுந்தன் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டார்.

இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"அக்கா, எட்டாம் பெட் பொட்டாசியம் எங்கக்கா? நாடி நாப்பதுக்கு வந்துட்டு. வாந்தி எடுத்து நீர் வத்திப்போன ஆளுக்கு வேகமால்லா ஓடணும், இது படுத்துக்கிட்டே போவுது."

"ஆறு புள்ளி ஒன்பது வந்துது. நம்பல. வேற ரத்தம் கேட்டிருக்கேன்."

"எப்பக் கேட்டிய?"

"பதினொண்ணேகாலுக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஆறு புள்ளி ஒன்பதுன்னா இதயம் நிக்காம இருக்க உடனே கால்சியம் போடணும்க்கா" என்று திரும்பினார்.

நான் ஆயாவைக் கூப்பிட்டேன். "ஏட்டி, கரண்ட் போனப்ப அந்தக் குழாய எவ்வளவு நேரம் ப்ரிஜ்ஜுல வச்சிருந்த?"

"இருவது நிமிசம் இருக்கும்க்கா. அதுக்குள்ள செனரேட்டர் போட்டுட்டாவளே."

இருபது நிமிடக் குளிரில் பொட்டாசியம் அவ்வளவு ஏறாது. அதற்கு மணிக்கணக்கு வேண்டும். இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயமல்ல. நானே படித்து, நானே பெரிய டாக்டருக்கு விளக்கியது. அப்படியென்றால் அந்த எண் உண்மை. குழாயில் இல்லை, செல்வியின் உடம்பிலேயே பம்ப் நின்றுகொண்டிருக்கிறது. எதனால் நிற்கும்? நான்கு வருடத்துக்கு முன்னால் நான் திருப்பாத பக்கத்தின் தலைப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செடி விஷங்கள். வாந்தி, படுத்துப்போகும் நாடி, ஏறும் பொட்டாசியம். எங்கள் பக்கத்தில் வேலியோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அரளி.

"டாக்டர், கால்சியத்தக் கொஞ்சம் நிறுத்துங்க. அரளிக்காயா இருக்கும்."

"கேட்டேன்க்கா. வேற எதுவும் சாப்பிட்டாளான்னு வந்ததுமே கேட்டேன். இல்லவே இல்லங்காவ."

அரளியாக இருந்தால் கால்சியம் போடுவது இதயத்தைக் கல்லாக்கிவிடும் என்பது அன்றைய பாடம். அந்தப் பயம் அவ்வளவு சரியில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னதாகப் படித்தேன். ஆனால் அன்று எங்கள் கையில் இருந்தது அன்றைய பாடம்தான். போடவும் முடியாது, போடாமல் விடவும் முடியாது. அரளியா இல்லையா என்பதை அந்த நிமிடமே தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லும் சோதனை எதுவும் என் லேபில் இல்லை.

ஊசியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். லேப்காரர்கள் வார்டுக்குள் போகும் வழக்கம் எங்கள் மருத்துவமனையில் கிடையாது. பத்து வருடத்தில் நான் எட்டாம் படுக்கையைப் பார்த்ததே இல்லை. ரத்தம் எடுக்கணும், வெளிய இருங்க என்று கொழுந்தனிடம் சொன்னேன். அவர் நகர மனமில்லாமல் நகர்ந்தார். அந்த அம்மாவும் எழுந்தார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வியின் கை ஜில்லென்று இருந்தது. பீடி இலை வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்பாள். அதைத்தான் காலையிலிருந்து எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நான் அவள் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே, காப்பி குடித்தாயா என்று விசாரிக்கிற குரலில் கேட்டேன்.

"எத்தன காய்ம்மா?"

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு மறுகையின் விரல்களைப் போர்வைமேல் விரித்துக் காட்டினாள்.

"எப்பம்?"

"விடியுமுன்ன. யக்கா, சாவணும்னுலாம் நெனைக்கல. ஒரு கோவத்துல செஞ்சிட்டேன். அவியகிட்டச் சொல்லிராதிய. என்னயக் காப்பாத்திருவியளாக்கா?"

"காப்பாத்துவோம்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று அப்போது யோசிக்கவில்லை. இன்றும் அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பெரிய டாக்டர் ஓடிவந்தார். கால்சியம் போடவில்லை. நாடியை ஏற்ற மருந்து கொடுத்தார்கள், வயிற்றைக் கழுவினார்கள். இரண்டாவது ரத்தத்தில் பொட்டாசியம் ஏழரை. இதயத்துக்கு வெளியிலிருந்து மின்துடிப்புக் கொடுக்கும் கருவி எங்களிடம் இல்லை. அது இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கள் வேனிலேயே அனுப்பினோம். மூன்றரை மணிக்கு வேன் கேட்டைத் தாண்டியது. மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது டியூட்டி டாக்டர் லேப் வாசலில் நின்றார். விடிவதற்கு முன்பே செல்வி போய்விட்டாள் என்று அங்கிருந்து போன் வந்திருந்தது.

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். விடியுமுன் தின்றது பத்து மணிக்கு வந்தால் என்ன செய்ய முடியும் என்றார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மாற்று மருந்து நம் பக்கம் கிடைக்கவே கிடைக்காது என்றார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். பதினொன்றேகாலுக்கே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர்களாலும் நிரூபிக்க முடியாது. மூன்று மணி நேரத்துக்கு முன்பே அந்த வேன் கிளம்பியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம். முதல் அளவையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதி, அடியில் 'சொல்லப்படவில்லை' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பெரிய டாக்டர் அந்தப் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்து வைத்திருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"என் பாதியில இருந்துதும்மா. பொட்டாசியம் ஏற ஏற ஆளுக்கு ஆபத்துன்னு தெளிவாப் போட்டிருக்கான். பொட்டாசியம்னதும் இது உன் பக்கம்னு கண்ண ஓட்டிட்டேன்."

நாடி என்றதும் அது அவர் பக்கம் என்று நானும் ஓட்டியிருந்தேன். ஒரே பம்பைப் பற்றி ஆளுக்குப் பாதி தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தோம். அன்று அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர் படிக்க நான் கேட்டேன். அதன்பிறகு எதையும் பாதியாகப் பிரித்துப் படித்ததில்லை. உங்களுக்கு இன்று ஆராய்ச்சி முடிவுகள் கைபேசியிலேயே வந்து விழுகின்றன. உங்கள் துறைப் பெயர் போட்ட வரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. மேலேயிருக்கும் டாக்டரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்.

அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். அதில் எழுதியிருந்தது தவறல்ல. குளிர்ந்த ரத்தம் இன்றும் பொய் சொல்லும். ஒரு தப்புக்குப் பயந்து, அடுத்த தப்புக்கு நானே வாசல் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். அதன்பிறகு நம்ப முடியாத எண் வந்தால் சீட்டு எழுதுவதில்லை. போனை எடுத்து, இப்படி ஓர் எண் வந்திருக்கிறது, இன்ன காரணத்தால் எனக்குச் சந்தேகம், நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். சந்தேகம் இருந்தால் சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காக யாராவது உங்களைத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் நிறைய வாங்கியிருக்கிறேன், உடம்பு ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அந்த அம்மா ஜன்னலுக்கு வந்தார். இந்த முறை தனியாக வந்திருந்தார். குடும்பத்துக்காரர்கள் யார் கேட்டாலும் எதுவும் சொல்லக்கூடாது என்று நிர்வாகம் எங்களுக்குச் சொல்லியிருந்தது. போலீஸ் கேஸ் ஆகிவிட்டதால் அவர்களுக்குப் பயம்.

"டாக்டரம்மா, மொதல்ல எடுத்தாவளே, அந்த ரத்தத்துலயே தெரிஞ்சிட்டா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

"தெரிஞ்சிட்டும்மா. நாந்தான் அத நம்பாம, யாருட்டயும் சொல்லாம வச்சிட்டேன்."

மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எங்கிட்ட வரும்போதே சொல்லிட்டா டாக்டரம்மா. கார்ல என் மடியில படுத்திருந்தா, காதோட சொன்னா. முன்னால கொழுந்தன் இருக்காவ. போலீசுன்னு ஆயிரும், பொறவு அந்த வீட்டுல எம்புள்ளய வாழ விடமாட்டாவன்னு நான் வாயத் தொறக்கல. ஆசுபத்திரியில ரத்தம் எடுப்பாவ, அதுல எப்படியும் தெரிஞ்சிரும், நீங்களாச் சொல்லிருவிய, என் வாயால வரவேண்டாம்னு இருந்தேன். அதுக்குத்தான் மூணு தரம் வந்து கேட்டேன்."

மூன்று தரமும் நான் அவரிடம், இருங்கம்மா, வரும் என்றுதான் சொல்லியிருந்தேன்.